‘வரை’ என்ற சொல் விடுபடும்போது: கணினி இதழ்களின் பிழைகளும் யூஎஸ்பி மின்திறன் குழப்பமும்

“யூஎஸ்பி போர்ட் 500 மில்லிஆம்பியர் மின்சாரம் தருகிறது.” கணினி இதழ்களின் கேள்வி-பதில் பகுதிகளையும் வன்பொருள் கட்டுரைகளையும் படித்து வந்தவர்கள் இந்த வாக்கியத்தை, அல்லது இதன் சாயலில் உள்ள ஒன்றை, பலமுறை பார்த்திருப்பார்கள். எண் சரியானதுதான். தரநிலை ஆவணத்திலும் அந்த எண் இருக்கிறது. ஆனாலும் வாக்கியம் தவறு. எந்தப் பதிப்பின் போர்ட், எந்த நிபந்தனையில், எவ்வளவு ‘வரை’ தரும் என்ற மூன்று செய்திகளும் அதில் விடுபட்டிருக்கின்றன. அவை விடுபட்டதால், ஒரு கருவி எடுத்துக்கொள்ளலாம் என அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு, போர்ட்டிலிருந்து எப்போதும் பாய்கிற அளவாகத் தோற்றம் மாறிவிடுகிறது.

யூஎஸ்பி மின்திறனைப் பற்றி இதழ்களில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவற்றை வரிசையாக எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த ஓர் இதழையும் குறிப்பிட்டுக் குறை சொல்வதல்ல. இங்கே காட்டப்படும் வாக்கியங்கள் பல இடங்களிலும் காணக்கூடிய வகைமாதிரிகள். ஆனால் பிழை சிறியதென்று விட்டுவிடவும் முடியாது. அதை நம்பி ஒரு மாணவர் தவறான ஹப்பை வாங்குகிறார். நல்ல சார்ஜரைப் போலி என்று ஒதுக்குகிறார். பழுதில்லாத வன்தட்டை அழித்து ஃபார்மட் செய்து அதிலிருந்த தரவுகளை இழக்கிறார்.

மூன்று அளவுகள், ஒரே சொல்

முதல் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. பேச்சு வழக்கில் ‘பவர்’, ‘கரண்ட்’, ‘மின்சாரம்’ மூன்றும் ஒன்றுதான். வீட்டில் பேசும்போது இதனால் கெடுதல் இல்லை. தொழில்நுட்பக் கட்டுரையில் கெடுதல் உண்டு. மின்னழுத்தம் வோல்ட்டில் அளக்கப்படுவது; மின்னோட்டம் ஆம்பியரில் அளக்கப்படுவது; இரண்டின் பெருக்கல்தான் வாட்டில் சொல்லப்படும் மின்திறன். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இந்தச் சமன்பாட்டைப் படிக்காத மாணவர் இல்லை.

அந்தச் சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு யூஎஸ்பியின் வரலாற்றைப் பார்க்கலாம். 1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வெளிவந்தது. 2000 ஏப்ரலில் யூஎஸ்பி 2.0 வந்தது. அதன்படி ஒரு போர்ட்டில் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம், அதாவது 2.5 வாட். 2008 நவம்பரில் வந்த யூஎஸ்பி 3.0 அதை 900 மில்லிஆம்பியர் ஆக்கியது, 4.5 வாட். 2010-இல் வெளியான பேட்டரி சார்ஜிங் தரநிலையின் 1.2 பதிப்பு 1.5 ஆம்பியருக்கு வழி செய்தது, 7.5 வாட். 2014-இல் வந்த டைப்-சி தரநிலை, 5 வோல்ட்டிலேயே 3 ஆம்பியர் வரை அனுமதித்தது, 15 வாட். 2012-இல் முதலில் வெளியான ‘பவர் டெலிவரி’ தரநிலை மின்னழுத்தத்தையே 20 வோல்ட் வரை உயர்த்தி 100 வாட்டைத் தொட்டது. அதன் 3.1 பதிப்பு 2021-இல் 48 வோல்ட், 5 ஆம்பியர், 240 வாட் என்ற எல்லைக்குச் சென்றது.

2.5 வாட்டிலிருந்து 240 வாட் என்பது 96 மடங்கு. இவ்வளவும் ‘யூஎஸ்பி’ என்ற ஒரே பெயருக்குள் அடங்குகிறது. எனவே “யூஎஸ்பி இவ்வளவு பவர் தரும்” என்று பதிப்பைச் சொல்லாமல் எழுதப்படும் எந்த வாக்கியமும், எண் எதுவாக இருந்தாலும், அரைகுறையான செய்திதான்.

500 என்ற எண்ணின் பொருள்

யூஎஸ்பி 2.0 தரநிலையில் ‘அலகுச் சுமை’ என்றொரு கணக்கு உண்டு. ஓர் அலகு என்பது 100 மில்லிஆம்பியர். ஒரு கருவியைப் போர்ட்டில் செருகியவுடன் அது ஓர் அலகுக்கு மேல் எடுக்கக் கூடாது. முதலில் தன்னைக் கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். தான் என்ன கருவி, தனக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதைத் தெரிவிக்க வேண்டும். கணினி அதை ஏற்றபிறகே ஐந்து அலகுகள் வரை, அதாவது 500 மில்லிஆம்பியர் வரை, எடுத்துக்கொள்ளலாம். கணினி உறக்க நிலைக்குப் போனால் இந்த அனுமதி மிகச் சிறிய அளவாகச் சுருங்கிவிடும். யூஎஸ்பி 3.0-இல் அலகு 150 மில்லிஆம்பியர். ஆறு அலகுகள் சேர்ந்து 900.

ஆக, 500 என்பது கேட்டுப் பெறும் அனுமதியின் மேல் எல்லை. இதைப் படித்தவர் உடனே ஒரு கேள்வி கேட்கலாம்: கடையில் கிடைக்கும் யூஎஸ்பி மின்விசிறியும் சிறு விளக்கும் எந்த அறிமுகமும் செய்துகொள்வதில்லையே, அவை எப்படி இயங்குகின்றன? நியாயமான கேள்வி. வழக்கமான ஏ வகைப் போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். அனுமதி கேட்காமல் எடுக்கும் கருவியைத் தடுக்கும் ஏற்பாடு பல மேசைக்கணினிகளில் கிடையாது. தாய்ப்பலகையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போர்ட்டுகளுக்குச் சேர்த்துத் தானாக மீளும் ஒரு ஃபியூஸ் இருக்கும். அது 500 மில்லிஆம்பியரைவிட நன்கு மேலே போனபிறகுதான் துண்டிக்கும். எனவே “500-ஐத் தாண்டினால் போர்ட் உடனே நின்றுவிடும்” என்று எழுதுவதும் தவறு. “500-க்கு மேல் வரவே வராது” என்று எழுதுவதும் தவறு. விதி ஒன்று, அந்த விதியை அமல்படுத்தும் மின்சுற்று இன்னொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்லாத கட்டுரை, தன் கணினியில் சோதித்துப் பார்க்கும் வாசகரைக் குழப்பத்தில்தான் விடும்.

போர்ட் தள்ளுவதில்லை, கருவி எடுக்கிறது

“ஒரு ஆம்பியர் சார்ஜருடன் வந்த போனை இரண்டு ஆம்பியர் சார்ஜரில் போட்டால் போன் எரிந்துவிடும்” என்ற எச்சரிக்கை மிகப் பழையது. இன்றும் வலம் வருகிறது. சார்ஜர் தன்னிடமுள்ள இரண்டு ஆம்பியரையும் போனுக்குள் தள்ளும் என்ற கற்பனையே இதற்கு அடிப்படை. மின்னழுத்தம் 5 வோல்ட்டாக நிலையாக இருக்கும்வரை, எவ்வளவு மின்னோட்டம் பாய்வது என்பதைத் தீர்மானிப்பது போனுக்குள் இருக்கும் சார்ஜிங் மின்சுற்று. மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீர் இருப்பதால் திறந்த குழாயின் கீழ் வைத்த குவளை வெடித்துவிடாது. இரண்டு ஆம்பியர் என்று சார்ஜரில் எழுதியிருப்பது அதனால் தர இயலும் அளவு.

ஆபத்து இருக்கும் இடம் வேறு. மின்னழுத்தம் தவறாக வந்தால் கருவி கெடும். மட்டமான சார்ஜரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையே போதிய காப்பு இல்லாவிட்டால் கருவி மட்டுமல்ல, அதைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஆம்பியர் எண்ணைக் கண்டு பயப்படச் சொல்லும் இதழ், உண்மையில் பயப்பட வேண்டிய இடத்தைக் காட்டாமல் விட்டுவிடுகிறது. இந்தப் பிழையின் உண்மையான விலை இதுதான்.

விண்டோஸ் காட்டும் எண்

இதழ்கள் வாசகருக்குச் சொல்லித்தரும் குறிப்புகளில் ஒன்று: விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்றவற்றில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ என்பதன் பண்புகளில் ‘பவர்’ தாவலைப் பார்த்தால், ஒவ்வொரு கருவியும் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று தெரியும் என்பது. அங்கே எண்கள் தெரிவது உண்மை. ஆனால் அவை அளந்த எண்கள் அல்ல. சாதாரணக் கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் ஆம்பியர் மீட்டர் எதுவும் பொருத்தப்படவில்லை. கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது “எனக்கு அதிகபட்சம் இவ்வளவு வேண்டும்” என்று சொன்ன எண்ணே அங்கு காட்டப்படுகிறது.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியம். தனி அடாப்டரில் இயங்கும் பிரிண்டர் அங்கே மிகச் சிறிய எண்ணைக் காட்டலாம். அது போர்ட்டிலிருந்து பெரிதாக எதையும் கேட்கவில்லை என்பதே பொருள். பென் டிரைவ் ஒன்று 200 என்று காட்டிவிட்டு அதில் ஒரு பகுதியையே பயன்படுத்தலாம். வன்தட்டு ஒன்று 500 என்று அறிவித்துவிட்டு, தட்டு சுழலத் தொடங்கும் சில வினாடிகளில் அதற்கு மேல் இழுக்கலாம். யூஎஸ்பி விளக்கோ அந்தப் பட்டியலிலேயே இராது. அறிவிப்பை அளவீடு என்று எழுதினால், வாசகர் அந்த எண்களைக் கூட்டிக் கழித்து, இல்லாத ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிப்பார். இருக்கும் பிரச்சினையைத் தவறவிடுவார். உண்மையாக அளக்க வேண்டுமானால் போர்ட்டுக்கும் கருவிக்கும் நடுவே செருகும் சிறிய யூஎஸ்பி மீட்டர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

ஹப், வன்தட்டு, கம்பி

“போர்ட் போதவில்லையா? நான்கு போர்ட் உள்ள ஒரு ஹப் வாங்குங்கள்” என்பது எளிதாகச் சொல்லப்படும் ஆலோசனை. தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2.0 ஹப், கணினியிடமிருந்து பெறும் 500 மில்லிஆம்பியரைத்தான் பங்கிட வேண்டும். ஹப்புக்கே 100 போக, மீதி 400. நான்கு போர்ட்டுகளுக்கும் தலா 100. மவுஸ், விசைப்பலகை போன்றவற்றுக்கு இது போதும். வெளி வன்தட்டுக்குப் போதாது. தனி அடாப்டருடன் வரும் ஹப்தான் ஒவ்வொரு போர்ட்டிலும் 500 தரக்கூடியது. இதைச் சொல்லாமல் ‘ஹப்’ என்று பொதுவாகப் பரிந்துரைப்பது, வாசகரின் பணத்தை வீணாக்கும் ஆலோசனை.

2.5 அங்குல வன்தட்டுகள் சில சுழலத் தொடங்கும் கணத்தில் ஓர் ஆம்பியரை நெருங்கும் அளவுக்கு இழுக்கும். போர்ட் அதைத் தாங்காவிட்டால் மின்னழுத்தம் சரியும். தட்டு சுழன்று நிற்கும். மறுபடி சுழல முயலும். ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்கும். இதே ஒலி வன்தட்டின் உட்பகுதி பழுதானாலும் கேட்கும். ஆகவே கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் இந்த ஒலியைப் பற்றிக் கேட்டால், முதல் பதில் “வேறு போர்ட்டில், குட்டையான கம்பியில், அடாப்டருள்ள ஹப்பில் செருகிப் பாருங்கள்” என்பதாக இருக்க வேண்டும். “வைரஸ் இருக்கலாம், ஃபார்மட் செய்யுங்கள்” என்ற பதில், சரியாக இருக்கும் தரவை வாசகர் தம் கையாலேயே அழிக்கும்படி செய்துவிடும்.

இந்த மின்பற்றாக்குறையைச் சமாளிக்க இரண்டு ஏ முனைகள் கொண்ட ‘ஒய்’ வடிவக் கம்பியைச் சில தயாரிப்பாளர்கள் தந்தார்கள். ஒரு போர்ட் போதாவிட்டால் இரண்டிலிருந்து எடுக்கும் உத்தி அது. பல கணினிகளில் அது வேலை செய்தது. ஆனால் யூஎஸ்பி விதிகள் அத்தகைய கம்பியை அனுமதிக்கவில்லை. விதிக்கு உட்படாதது வேலை செய்வதும், விதிக்கு உட்பட்டது சில கணினிகளில் வேலை செய்யாமல் போவதும் இத்துறையில் சகஜம். இதழ் இரண்டையும் சொல்ல வேண்டும்.

கம்பியைப் பற்றி இதழ்கள் எழுதுவது மிகக் குறைவு. அதன் நிறத்தையும் நீளத்தையும் சொல்வார்கள். உள்ளே செல்லும் செம்பின் தடிமனைச் சொல்வதில்லை. 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. மின்னோட்டம் போகவும் திரும்பவும் வேண்டும்; எனவே ஒரு மீட்டர் நீளக் கம்பியில் சுமார் 0.42 ஓம். 500 மில்லிஆம்பியர் பாய்ந்தால் 0.21 வோல்ட் இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆம்பியர் பாய்ந்தால் 0.84 வோல்ட் இழப்பு. 5 வோல்ட் என்று கிளம்பியது 4.16 வோல்ட்டாகப் போய்ச் சேரும். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பியானால் இழப்பு சுமார் 0.34 வோல்ட் மட்டுமே. ராஸ்பெர்ரி பை சிறு கணினிகள் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் எச்சரிக்கை காட்டுவதற்கு, சார்ஜர் நல்லதாகவே இருந்தும், மெல்லிய கம்பி காரணமாக இருப்பதுண்டு. “சார்ஜர் போலி” என்று தீர்ப்புச் சொல்லுமுன் கம்பியை மாற்றிப் பார்க்கச் சொல்வது மதிப்புரையாளரின் கடமை.

சார்ஜர் மதிப்புரைகளின் குறை

சுவரில் செருகும் சார்ஜரிடம் அறிமுகம் செய்துகொள்ளக் கணினி இல்லை. எனவே வேறு அடையாளம் தேவைப்பட்டது. பேட்டரி சார்ஜிங் தரநிலை இதற்கு எளிய வழி கண்டது: சார்ஜருக்குள் இரண்டு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், போன் அதைச் சோதித்து “இது கணினி அல்ல, சார்ஜர், 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம்” என்று புரிந்துகொள்ளும். ஆப்பிள் நிறுவனம் வேறு வழியில் போனது. தரவுக் கம்பிகளில் குறிப்பிட்ட மின்னழுத்தங்களை வைத்து, சார்ஜரின் திறனை அடையாளம் காட்டியது. குவால்காமின் ‘குயிக் சார்ஜ்’ போன்ற முறைகள் அதே தரவுக் கம்பிகள் வழியே பேசி மின்னழுத்தத்தை 9 அல்லது 12 வோல்ட்டுக்கு உயர்த்தின.

2010-இல் ஐபேட் வந்தபோது இந்தக் குழப்பம் வெளிப்படையாகத் தெரிந்தது. அதனுடன் வந்த அடாப்டர் 10 வாட். பெரும்பாலான கணினிகளின் யூஎஸ்பி 2.0 போர்ட்டோ 2.5 வாட்டுக்கே கடமைப்பட்டது. கணினியில் செருகினால் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்று திரையில் எழுதிக் காட்டும். திரையை அணைத்துவிட்டால் மெதுவாக ஏறும். போர்ட்டும் பழுதில்லை, ஐபேடும் பழுதில்லை. அந்தக் கருவியின் பசியும் அந்தப் போர்ட்டின் கடமையும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பின்னணி தெரிந்தால், ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு பத்து சார்ஜர்களை ஒப்பிட்டு ‘வேகமானது எது’ என்று வரிசைப்படுத்தும் மதிப்புரையின் குறை விளங்கும். அந்தப் போனின் மொழியைப் பேசாத சார்ஜர், எவ்வளவு திறன் உள்ளதாக இருந்தாலும், அதற்கு அரை ஆம்பியர் மட்டுமே தரலாம். வேறொரு போனில் அதே சார்ஜர் முதலிடம் பெறலாம். எந்தப் போன், எந்தக் கம்பி, எந்தச் சார்ஜிங் முறை என்று சொல்லாத தரவரிசையை வாசகர் தம் வீட்டில் பயன்படுத்த முடியாது.

டைப்-சி: வடிவம் வேறு, திறன் வேறு

இன்றைய பிழைகளில் முதன்மையானது, டைப்-சி என்றாலே வேகமான சார்ஜிங் என்று எழுதுவது. டைப்-சி என்பது முனையின் வடிவமும் அதன் இணைப்பு விதிகளும். அந்த முனைக்குப் பின்னால் யூஎஸ்பி 2.0 வேகம் மட்டும் இருக்கலாம். 40 கிகாபிட் வேகமும் இருக்கலாம். 2.5 வாட்டும் இருக்கலாம். 240 வாட்டும் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்பிக்கும் இதே நிலைதான். சாதாரண டைப்-சி கம்பி 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரை. 5 ஆம்பியர் வேண்டுமானால் தன்னை அடையாளம் காட்டும் சில்லு உள்ள கம்பி வேண்டும். இந்தக் குழப்பத்தை உணர்ந்துதான் யூஎஸ்பி அமைப்பு 2021-இல் கம்பிகளுக்கு 60 வாட், 240 வாட் என்ற முத்திரைகளை அறிவித்தது.

டைப்-சி ஒரு பழைய வழக்கத்தையும் மாற்றியது. ஏ வகைப் போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும் என்று பார்த்தோம். டைப்-சி போர்ட்டில் அப்படி இல்லை. மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தபிறகே மின்னழுத்தம் வரும். அதைத் தெரிவிப்பது கருவிக்குள் இருக்கும் 5.1 கிலோஓம் மின்தடைகள். சில பைசா செலவை மிச்சப்படுத்த இந்த மின்தடைகளைப் பொருத்தாமல் விட்ட சவரக் கருவிகளும் விளக்குகளும் சந்தையில் உண்டு. அவை ஏ முனையிலிருந்து வரும் கம்பியில் சார்ஜ் ஆகும். இருபுறமும் டைப்-சி உள்ள கம்பியில் ஆகாது. “உங்கள் சார்ஜரின் பவர் மிக அதிகம், அதனால் கருவி ஏற்க மறுக்கிறது” என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கும், நடப்பதற்கு நேர்மாறானது. கருவி எதையும் மறுக்கவில்லை. தான் இருப்பதைச் சொல்லவே அதற்கு வழியில்லை.

பெரிய தயாரிப்பும் இதில் தவறியிருக்கிறது. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பலகைகளில், இரண்டு தனி மின்தடைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒன்றே பொருத்தப்பட்டிருந்தது. சாதாரணக் கம்பியில் பலகை இயங்கியது. அடையாளச் சில்லு உள்ள விலையுயர்ந்த கம்பியில், சார்ஜர் அதை ஒலிக்கருவி என்று தவறாக எண்ணி மின்சாரம் தர மறுத்தது. தயாரிப்பாளர்கள் பிழையை ஒப்புக்கொண்டு பின்னர் வந்த பலகைகளில் திருத்தினார்கள். ‘விலை அதிகமான கம்பியே பாதுகாப்பு’ என்ற பொதுவான அறிவுரை எப்போதும் பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு நிகழ்வு, செய்தி எழுதுவோருக்கு நேரடிப் பாடம். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இன் இறுதியிலிருந்து அமேசானில் விற்கும் டைப்-சி கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதி வந்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கம்பியைச் சோதித்தபோது அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினியே கெட்டுப்போனது. அந்தக் கம்பியில் இருந்த குறைகள் பல. 56 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோஓம் மின்தடை இருந்தது. இது ‘3 ஆம்பியர் எடுக்கலாம்’ என்று கருவிக்குப் பொய் சொல்லும் குறை. பழைய போர்ட்டை அளவுக்கு மீறி இழுக்கவைக்கும். அதைவிடப் பெரிய குறை, மின் இணைப்பும் தரை இணைப்பும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. முதல் குறை அந்தக் காலத்துக் கம்பிகள் பலவற்றில் இருந்தது. இரண்டாவது, அந்தக் கம்பிக்கு மட்டுமான அப்பட்டமான தயாரிப்புத் தவறு. இரண்டையும் பிரிக்காமல் ‘டைப்-சி கம்பி கணினியை எரித்தது’ என்று ஒரே வரியில் எழுதினால், வாசகர் டைப்-சியைக் கண்டே அஞ்சுவார்; ஆனால் எந்தக் குறையைக் கவனிக்க வேண்டும் என்று அறியமாட்டார். 2016 மார்ச்சில் அமேசான், தரநிலைக்கு உட்படாத டைப்-சி கம்பிகளை விற்பதைத் தடை செய்தது. ஒரு மனிதர் பொறுமையாக அளந்து எழுதியது, எச்சரிக்கைத் தலைப்புகளைவிடச் சந்தையை அதிகம் மாற்றியது.

உறவுப் பிழைகள் இரண்டு

யூஎஸ்பியோடு ஒட்டி வரும் இரண்டு பிழைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, மில்லிஆம்பியரையும் மில்லிஆம்பியர்-மணியையும் ஒன்றாக எழுதுவது. முன்னது பாயும் வீதம். பின்னது சேமிப்பின் அளவு. பவர் பேங்க் மீது எழுதியிருக்கும் 10,000 மில்லிஆம்பியர்-மணி, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்துக்கு உரிய கணக்கு. அதாவது 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றினால் இழப்பே இல்லாவிட்டாலும் 7,400 தான் வரும். இழப்பையும் கழித்தால் இன்னும் குறையும். இதை விளக்காமல் “10,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் இரண்டு முறை முழுதாகச் சார்ஜ் செய்யலாம்” என்று எழுதினால், வாசகர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

மற்றொன்று, பிட்டையும் பைட்டையும் குழப்புவது. யூஎஸ்பி 2.0-இன் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். நடைமுறையில் அதற்கும் கீழே. இரண்டையும் ‘எம்பி’ என்று சுருக்கி எழுதும் வழக்கத்தால் வேகம் எட்டு மடங்காகிவிடுகிறது. அலகை முழுச் சொல்லாக எழுதினாலே இந்தப் பிழை வராது.

பிழை ஏன் நிலைக்கிறது

பழியை முழுவதும் இதழ்கள் மீது போடுவது நியாயமாகாது. பெயரிடுவதில் யூஎஸ்பி அமைப்பே குழப்பியிருக்கிறது. 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று வந்தது 2013-இல் 3.1 முதல் தலைமுறை ஆயிற்று, 2017-இல் 3.2 முதல் தலைமுறை ஆயிற்று; வேகம் மட்டும் அதே 5 கிகாபிட். இப்படிப் பெயர் மாறும் ஒன்றை மாதாமாதம் எளிய தமிழில் எழுதுவது சுலபமான வேலை அல்ல. ஆங்கிலம் தெரியாத, இணையம் எட்டாத வாசகருக்குக் கணினியை அறிமுகப்படுத்தியதில் தமிழ்க் கணினி இதழ்களுக்கும் நாளிதழ் இணைப்புகளுக்கும் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்த வீடுகள் பல. அத்தகைய வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆள் இல்லை. அச்சில் வந்த வரியே அங்கே ஆசிரியர். அதனால்தான் அந்த வரி சரியாக இருக்க வேண்டியது அவசியமாகிறது.

ஆனால் இரண்டு பழக்கங்களுக்கு இதழ்களே பொறுப்பு. ஒன்று, நிறுவனங்களின் விளம்பர அறிக்கையை அப்படியே மொழிபெயர்ப்பது. அந்த மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது ‘வரை’ என்ற சொல். விளம்பரத்தில் சிறிய எழுத்திலாவது இருக்கும் நிபந்தனை, தமிழுக்கு வரும்போது இடம் போதாமல் வெட்டப்படுகிறது. யூஎஸ்பி தரநிலை ஆவணங்கள் கட்டணமின்றிக் கிடைப்பவை. சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்க்க வழி இருக்கிறது.

மற்றொன்று, திருத்தம் வெளியிடாதது. ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 2006-இல் வாசகர்களின் குறைகளைக் கேட்பதற்கென்றே ஒரு தனி ஆசிரியரை அமர்த்தி, திருத்தங்களை முறையாக வெளியிடத் தொடங்கியது. கணினி இதழ்களில் அப்படியொரு பகுதி அரிது. போன மாதம் சொன்னது தவறென்று இந்த மாதம் சொல்லாவிட்டால், தவறு பழைய இதழ்க் கட்டிலும், அதிலிருந்து எடுத்து எழுதப்பட்ட இணையப் பக்கங்களிலும் வாழ்ந்துகொண்டே இருக்கும். பலர் சொல்வதால் அது உண்மை என்ற மதிப்பும் அதற்கு வந்துவிடும்.

எப்படி எழுதலாம், எப்படிப் படிக்கலாம்

தொடக்கத்தில் பார்த்த வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்: “கணினியில் உள்ள யூஎஸ்பி 2.0 போர்ட், 5 வோல்ட் மின்னழுத்தத்தில், கருவி கேட்டு அனுமதி பெற்றபின் 500 மில்லிஆம்பியர் வரை தரக் கடமைப்பட்டது.” சில சொற்கள்தான் கூடியிருக்கின்றன. இப்போது இதைப் படிப்பவர் ஹப்பைப் பற்றியும், விளக்கைப் பற்றியும், சார்ஜரைப் பற்றியும் தாமே சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

படிக்கும் மாணவருக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. யூஎஸ்பி மின்திறன் பற்றி எந்த எண்ணைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த எண்ணின் அலகு என்ன? எந்தப் பதிப்புக்கு உரியது? இது விதி சொல்லும் உச்ச அளவா, கருவி அறிவித்ததா, மீட்டர் காட்டியதா? நடுவில் இருந்த கம்பி எது? இந்த நான்கில் ஒன்றுக்குக்கூடக் கட்டுரையில் விடை இல்லையென்றால், அந்த எண்ணை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். வன்தட்டை ஃபார்மட் செய்யவும் வேண்டாம். அந்தக் கட்டுரையை எழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திருத்தம் கேட்கும் வாசகர் இருந்தால்தான் திருத்தம் வெளியிடும் இதழ் உருவாகும்.